ஒரு கூடை காரப்பொடியும் அமுலுவின் வாயும்

சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டையில் எங்கள் ஃப்ளாட்ஸில் எல்லா வீட்டிலும் ஒரே சமையல். காரப்பொடி மீன் குழம்பு, காரப்பொடி வறுவல், மிச்சமிருந்தது மொட்டை மாடியில் கருவாடு. மேல் வீட்டுச் சைவக் குடும்பம் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுவத்தி மேல் ஊதுவத்தியாக ஏற்றிக்கொண்டிருந்தது.

யாருக்கும் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ரெஜினாவின் கழுத்து!

இதை அந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். கை துறுதுறுத்தது. ஆனால் எழுதக் கூடாது என்று ஒரு கட்டாயம். அது இப்போது நீங்கிவிட்டது. ஆகவே உட்காருங்கள், சொல்கிறேன்.

ரெஜினா எங்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவள் குடிவந்த அன்று நான் வழக்கம்போல விசாரணை கமிஷன் வைத்தேன்.

"என்னம்மா வேலை?"

"டென்டல் ஹைஜீனிஸ்ட், ஆன்ட்டி."

"ஓ, பல் டாக்டர்!"

"இல்ல ஆன்ட்டி."

"அப்போ நர்ஸ்?"

"அதுவும் இல்ல."

டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை என்றால் நம் ஊரில் மூன்றாவதாக என்ன இருக்கிறது? நான் முழித்ததைப் பார்த்து அவளே சொன்னாள். "பல்லு வலிச்சா நீங்க டாக்டர்கிட்ட போவீங்க. வலிக்காதப்ப உங்கள யார் பார்க்கறது? அதுதான் நான்."

பல்லைச் சுத்தம் செய்வது, ஈறைப் பார்ப்பது, எப்படித் துலக்குவது என்று சொல்லிக் கொடுப்பது, வாய்க்குள் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி வைப்பது. இவ்வளவும் அவள் வேலை. ஒரு டிரஸ்ட்டின் வேனில் ஒரு பல் டாக்டரோடு எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறாள். பால்வாடி, ஸ்கூல், கம்பெனி கேட், மீன்பிடித் துறைமுகம்... எங்கே வாய் இருக்கிறதோ அங்கே ரெஜினா.

கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? வலியில்லாத மனிதனை வாயைத் திறக்க வைத்துப் பாருங்கள், தெரியும்!

என் வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கடை ஷட்டருக்கு மாதம் தவறாமல் கிரீஸ் போடுவார். பல்லை க்ளீன் பண்ணிக்கொள்ளுங்கள் என்றால் மட்டும், "க்ளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிரும்" என்பார். ரெஜினா ஒரு நாள் நேருக்கு நேர் சொல்லிவிட்டாள்: "அங்கிள், உங்க பல்லைச் சுத்தி காரை கட்டியிருக்கு. அந்தக் காரைதான் ஈறைத் தின்னுது. அதை எடுத்தா பல் ஆடுதுன்னா, அது ஏற்கெனவே ஆடிட்டுத்தான் இருந்திருக்கு. நீங்க கவனிக்கல." அன்றிலிருந்து அவர் லிஃப்ட்டில் ரெஜினாவைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறார்.

ஒரு தடவை திருவொற்றியூர் கேம்ப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். எனக்குக் கொடுத்த வேலை, பூசணிக்காய் அளவில் ஒரு பொம்மைப் பல் செட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. பல் பிடுங்க வேண்டும். பிடுங்கினால்தான் அது கேம்ப்.

ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். "கண்ணு கேம்ப்புல கண்ணாடி குட்த்தாங்கோ. சுகர் கேம்ப்புல மாத்திரை குட்த்தாங்கோ. நீ இன்னாமே தர்றே?"

"ப்ரஷ் தர்றேன் தாத்தா."

"ப்ரஷ்ஷா! அத்த கடைக்குப் போய் நானே வாங்க மாட்டேனா?"

"இதுவரைக்கும் வாங்கினீங்களா?"

 பெரியவர் ப்ரஷ்ஷை வாங்கிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனார். நமக்கெல்லாம் வாய் என்பது உடம்பில் சேர்த்தி இல்லை. இதயத்துக்கு ஸ்கேன், கண்ணுக்கு லேசர், முகத்துக்கு ஃபேஷியல். வாய்க்கு மட்டும் பிடுங்குகிற கட்டத்தில்தான் மரியாதை.

சரி, அமுலுவுக்கு வருகிறேன்.

காசிமேட்டில் லாஞ்ச் கரைக்கு வந்ததும் மீனைக் கூடை கூடையாக இறக்கி ஏலம் விடுவார்கள் அல்லவா? அதில் ஒரு பக்கத்து ஏலம் அமுலுவுடையது. ஐம்பதைத் தொடும் வயது, கனத்த உடம்பு, இடுப்பில் செருகிய முந்தானை. லாஞ்ச் ஓனர்கள் அவளிடம் மீனைக் கொடுப்பதே அவள் குரலுக்காகத்தான். அவள் விலை கூவினால் இந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தமும் அந்தப் பக்கம் லோடு வண்டி ஹாரனும் கேட்காது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரெஜினாவின் வேன் கேம்ப் போட்டபோது எல்லோரும் வந்தார்கள். அமுலு வரவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினாவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுலு டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஆவி அடங்கும்வரை வைத்திருந்தாள். பச்சைத் தண்ணீராக ஆன பிறகு, உதட்டைக் குறுக்கிக்கொண்டு குடித்தாள். கடைக்காரர் நீட்டிய மிளகாய் பஜ்ஜியைக் கையால் தள்ளினாள்.

காசிமேட்டில் சூடு ஆகாத, காரம் ஆகாத ஒரு பெண்மணி! அங்கேதான் ரெஜினாவுக்கு மூக்கு வியர்த்தது.

மாவா என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கி, கன்னத்தில் அடக்கிக்கொள்வது. தூக்கம் வராது, பசி தெரியாது. துறைமுகத்து வேலைக்கு இரண்டும் வசதி. அதை வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் உள் கன்னம் எரிய ஆரம்பிக்கும், வெளுக்கும், இறுகும். வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் தப்பிக்கலாம். கண்டுபிடிக்க வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அமுலு திறக்க மாட்டேன் என்கிறாள்.

ரெஜினா என்ன செய்தாள் தெரியுமா? அமுலு எப்போது வாயைத் திறப்பாள் என்று யோசித்தாள். ஏலத்தில்!

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக என் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, மீன் வாங்கப் போலாமா?" என்னவோ பாசம் என்று நினைத்தேன். துணைக்கு ஒரு ஆள், கையில் ஒரு பை, பார்த்தால் மீன் வாங்க வந்தவர்கள் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஏலத்தில் வளையமாக மொத்த வியாபாரிகள் நின்றார்கள். ரெஜினா முண்டியடித்துக்கொண்டு அமுலுவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். நான் அவள் பின்னால். நடுவில் ஒரு பெரிய கூடை. வெள்ளிக் காசு கொட்டினது மாதிரி காரப்பொடி.

அமுலு கூவ ஆரம்பித்தாள். குரல் என்னவோ கணீர் என்றுதான் இருந்தது. ஆனால் வாய் போதுமான அளவு திறக்கவில்லை. விலை ஏற ஏறச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. கூட்டத்தின் ஓரத்தில் எவனோ, "இன்னாமே, வாய்ல கொயக்கட்டையா?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. அமுலு அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

ரெஜினா எதையும் கவனிக்கவில்லை. அவள் கண் முழுக்க அமுலுவின் வாயில். அமுலு விலையைச் சொல்லி வாயைத் திறக்கும்போது இவள் முகவாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள். மூடும்போது தலையைத் தாழ்த்துவாள். அடுத்த விலை, மறுபடி தூக்குவாள். மறுபடி தாழ்த்துவாள்.

ஏலத்தில் வியாபாரிகள் யாரும் வாயால் கேட்பதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. முகவாயைத் தூக்கினால் கேட்டதாக அர்த்தம்.

எதிர்ப்பக்கம் நின்ற மொத்த வியாபாரி ரெஜினாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அவர் ஒரு தூக்குத் தூக்கினார். இவள் ஒன்று. அவர் இன்னொன்று. இவளும் விடவில்லை. விலை கிடுகிடுவென்று ஏறியது. 'காரப்பொடிக்கா இந்த அடி?' என்று கூட்டமே இவளைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன், பெருமையாக. என் பக்கத்து வீட்டுப் பெண் இவ்வளவு விவரமாக ஏலம் எடுக்கிறாளே என்று!

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

கூடையை இரண்டு பேர் தூக்கிவந்து ரெஜினாவின் காலடியில் தொப்பென்று வைத்தார்கள். தண்ணீர் என் புடவையில் தெறித்தது.

"ஐயோ... நான் கேக்கவே இல்லையே!"

அவ்வளவுதான். இடமே கொதித்துவிட்டது.

"கேக்காம இன்னாத்துக்கு தலைய தலைய ஆட்டுனே?" என்றார் மொத்த வியாபாரி. "எவ்ளோ நேரமா ஏத்திகினே போறே! பேஜார் பண்றதுக்குன்னே வந்தியா?"

அமுலுவுக்கும் கோபம். முடிந்த ஏலத்தைத் திரும்பக் கூவினால் அந்த விலை வராது. லாஞ்ச் ஓனர் முகத்தில் அவள் எப்படி முழிப்பாள்? "சொல்லும்மே! இன்னாத்த பாத்து ஆட்டுனே? சொல்லு!"

ரெஜினா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், அவள் உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம். 'நான் பல் ஆஸ்பத்திரி வேன்ல வேலை செய்யறேன். உங்க வாயைத்தான் பார்த்தேன்.' இரண்டே வாக்கியம். வியாபாரியே சிரித்துவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அந்த நொடியில் அமுலு அவளை அடையாளம் கண்டுகொண்டாள். வேன் பெண்! முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. சுற்றி நின்ற வியாபாரிகளை ஒரு தரம் பார்த்தாள். ஒரு மனுஷி பயப்படுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. 

ரெஜினாவும் அதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடினாள். 

"ஆமாக்கா," என்றாள். "நான்தான் கேட்டேன். இவ்ளோ வருமான்னு பயந்துட்டேன். வீட்ல விசேஷம். கூடையைக் குடுத்துடுங்க."

தன் கையில் இருந்தது, என் பையில் இருந்தது, செல்போனில் இருந்தது எல்லாவற்றையும் திரட்டிக் கொடுத்துவிட்டு, வாழ்நாளில் காரப்பொடியே ஆய்ந்திராத அந்தப் பெண் ஒரு கூடை காரப்பொடிக்குச் சொந்தக்காரி ஆனாள்.

ஹைஜீனிஸ்ட் என்றால் யார் என்று என்னைக் கேட்டால், இனிமேல் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் அமுலு வேகவேகமாக வந்தாள். எங்களை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"இன்னா பாத்தே?"

"சரியா தெரியலக்கா. நீங்க பாதிதான் திறக்கறீங்க."

"அத்த ஏன் அவனுங்க முன்னாடி சொல்லல?"

"உங்க வாய். நீங்க சொன்னாத்தான் சொல்லணும்."

அமுலு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டாள். "ரொம்ப நாளா எரிஞ்சிகினு கீது. கொயம்பு ஊத்தி துன்ன முடியல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இப்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு, பாதி மொகத்தோட வந்தா. என் வாயே பொயப்பு. வியாதிக்காரி கூவுற மீன எவன் வாங்குவான்? எதிர்ல தட்டு வச்சி ஏலம் கூவுறவ ஒருத்தி குந்திகினு கீறா, நான் எப்போ விய்வேன்னு பாத்துகினே கீறா. ஓனருங்கோ மறுநாளே அவ கைல மீன குட்த்துடுவாங்கோ."

ரெஜினா ஒரு டெஸ்ட் வைத்தாள். மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து முன் பற்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரணமாகப் போகும். (நீங்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டே விரலைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. முதலில் கையைக் கழுவுங்கள்!) அமுலு முயற்சி செய்தாள். இரண்டு விரல் போனது. மூன்றாவதை எவ்வளவு அழுத்தியும் உதட்டில்தான் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவ்ளோதானா நானு?"

"யார் சொன்னா? இதுக்கு மேல இறுகாம நிறுத்தறதுக்குத்தான் சீக்கிரம் வாங்கன்னு கெஞ்சறோம். கன்னத்தை டாக்டர்தான் பார்த்து என்னன்னு சொல்லணும். நான் சொல்லக் கூடாது. ஆனா கூட வருவேன். சீட்டு வாங்கற இடத்துல இருந்து வெளிய வர்ற வரைக்கும் உங்க கைய விட மாட்டேன். இடுப்புல சொருகியிருக்கற மாவாவை மட்டும் இப்பவே குடுங்க."

அமுலு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாவா பொட்டலத்தை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள். ரெஜினாவிடம் கொடுக்கவில்லை. தானே பிரித்துச் சாக்கடையில் கொட்டினாள்.

அப்புறம் எங்கள் ஃப்ளாட்ஸ் முழுக்க உட்கார்ந்து காரப்பொடி ஆய்ந்த கதை தனி. என் வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கத்தியும் கையுமாக உட்கார்ந்தார். பேச்சு மட்டும் இல்லை. எதிரே ரெஜினா இருந்தாளே!

அந்த வாரமே அரசு ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை ரெஜினா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். தினமும் பார்க்கிற வாய்களில் இது ஒன்று என்று அவளால் இருக்க முடியவில்லை. அமுலு மட்டும் ஒரு நாள் விடாமல் ஏலத்துக்குப் போனாள். கன்னத்தில் எதுவும் அடக்காமல் கை நடுங்குகிறது, கோபம் கோபமாக வருகிறது என்று போனில் ரெஜினாவைத் திட்டினாள். ரெஜினா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு முடிந்ததும், "இன்னிக்கும் போடல இல்ல?" என்பாள். "போட்லமே, வச்சுத் தொல!"

ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை.

இல்லை என்பதற்காக ஓடி வந்துவிட முடியாது. மாவாவை மறுபடி தொடவே கூடாது. விடாமல் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகின கன்னம் பழையபடி முழுக்க இளகிவிடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஐஸ்க்ரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி, வாயைத் திறந்து பழக வேண்டும். அமுலு பழகுகிறாள். இன்னொரு குச்சி நுழைந்த அன்று ரெஜினா எங்கள் எல்லோருக்கும் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாள். குச்சி வேண்டுமே!

போன வாரம் துறைமுகத்தில் மறுபடி கேம்ப். நானும் பொம்மைப் பல்லோடு ஆஜர். ஆண்கள் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அமுலு ஏலத்தை முடித்துவிட்டு நேராக வந்தாள். வேனுக்குள் ஏறவில்லை. ரெஜினாவின் நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டு, எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.

"நல்லா பாத்துக்கோ நைனா! எனக்கு வாய் பயுதாகி, வைத்தியம் பாத்துகினு கீறேன். மாவா போட்டு வந்தது. உங்கோ வாய்ல இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா? வந்து காட்டு!"

 முதலில் நகர்ந்தது, அன்றைக்கு ரெஜினாவோடு மல்லுக்கட்டிய மொத்த வியாபாரிதான். கன்னத்தில் அடக்கியிருந்ததைத் துப்பிவிட்டு வந்து வரிசையில் நின்றார்.

எனக்கு எழுத வேண்டும் என்று கை அரித்தது. மெதுவாக அமுலுவிடம் போனேன். "இதைப் பேப்பர்ல எழுதலாமாம்மா? பயப்படாதீங்க, பேரை மாத்திடறேன்."

முறைத்தாள். 

"இன்னாத்துக்கு மாத்துறே? அமுலுன்னே போட்டு எயுது. எதிர் தட்டுக்காரிக்கும் படிச்சிக் காட்டு. நான் இன்னும் கூவிகினுதான் கீறேன்னு அவளுக்குத் தெர்ய வோணாமா?"

போட்டுவிட்டேன், அமுலு. கூவு!